வேர் பிடித்த வேலி

பூந்தமல்லியில் வீடு தேடிச் சென்ற இடங்களில் எல்லாம் முதலில் என்னைப் பேச விட்டுக் கேட்டார்கள். பேசி முடித்ததும் வீடு இல்லை என்றார்கள். நான் வாய் திறக்கும் வரை இருந்த வீடு, திறந்தவுடன் எவ்வாறு இல்லாமற் போயிற்று என்பது முதற் சில நாட்கள் எனக்கு விளங்கவில்லை. தமிழ் கற்பிப்பதற்கென்றே கடல் கடந்து வந்தவன் நான். அந்தத் தமிழைக் கேட்டே என்னை அயலான் என்று ஒதுக்குவார்கள் என நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

"மலையாளமா?" என்று கேட்டார் ஒருவர்.

"இல்லை ஐயா. யாழ்ப்பாணம். இலங்கை."

"சிலோனா?" என்றவர் உள்ளே திரும்பி, "தே, சிலோன்காரங்களாம்" என்றார். உள்ளிருந்து ஒரு பெண்குரல், "நாளைக்கிக் கப்பலேறிப் பூட்டா யாரப் போயிக் கேப்பே? ஊடு இல்லேன்னு சொல்லிடு" என்றது. அவர் என் பக்கம் திரும்பி, அக்குரல் எனக்குக் கேட்டிராது என்ற உறுதியுடன், "ஊடு இல்லீங்க" என்றார்.

அது போர்க்காலம். வானிலிருந்து குண்டு விழும் என்ற அச்சத்தால் சென்னையை விட்டு வெளியேறிய குடும்பங்களிற் பல மேற்கே வந்து, கிடைத்த கூரையின் கீழெல்லாம் தங்கியிருந்தன. ஆவடிப் பக்கம் படைமுகாம் எழுந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் பெருஞ்சாலையில் படை வண்டிகள் புழுதி கிளப்பிச் சென்றன. ஒற்றர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று கடைத்தெருவில் நாளொரு கதை பிறந்தது. ஒரு கதையில் ஒற்றன் சாமியார் உடையில் வந்தான். மற்றொன்றில் வளையல் விற்க வந்தான். ஆசிரியர் உடையில் வந்த கதை இன்னும் பிறக்கவில்லை என்பதே எனக்கிருந்த ஆறுதல்.

நான் பணியேற்ற கிறித்தவப் பள்ளி, தன் கட்டடத்தின் பின்புறத்தில் ஓர் அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தது. அவ்வறை விடுதி மாணவர்க்குத் தேவைப்பட்டதால், விரைவில் ஒழித்துத் தருமாறு தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். என் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை கருச்சிதைந்தவள். இம்முறை பிள்ளை பிறக்கும் வரை வண்டியேறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இடம் மாறி அலையக் கூடாது என்று மருத்துவமனைச் செவிலி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. போரினால் கடல் கடப்பது அரிதாகிவிட்டது. ஒருமுறை புகுந்தால் பிள்ளை பிறந்து தேறும் வரை எவரும் எழுப்பாத ஒரு வீடு எங்களுக்கு வேண்டியிருந்தது. என் வேண்டுதல் அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் கணக்குக் கற்பித்த ஆசிரியர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த கிறித்தவர். அவர் என் நிலையைக் கண்டு இரங்கி, ஒரு வீட்டைப் பார்த்து வைத்து என்னை அழைத்துச் சென்றார். போகும் வழியில், "ஐயா, ஒரு உதவி செய்யுங்க. அங்க வந்து நீங்க வாயத் தெறக்காதீங்க. நானே பேசிக்கிறேன்" என்றார்.

நான் அவ்வாறே நின்றேன். வீட்டுக்காரர் ஐம்பதைக் கடந்த உழவர். ஆவடிக்கு அப்பால், முத்தாபுதுப்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஓராண்டுக்கு முன்புதான் அங்கு வந்தவர். வீடு அவருடைய மனைவி வழியில் வந்தது. நீளமான ஓட்டுவீட்டின் ஒரு பாதியில் தாம் இருந்துகொண்டு மறுபாதியைக் குடக்கூலிக்கு விட நினைத்திருந்தார். கணக்காசிரியர் என் குலம், பணி, ஒழுக்கம் அனைத்தையும் எடுத்துரைத்து முடிக்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"எல்லாம் சரி நைனா. அவுரு ஊமையா?"

"இல்லல்ல. பேசுவாரு."

"பள்ளிக்கூடத்துல வாத்யாருன்றே. பேசாத வாத்யாரு இன்னாத்த சொல்லிக் குடுப்பாரு?"

நான் பேச வேண்டியதாயிற்று. பேசினேன். அவருடைய புருவம் உயர்ந்தது. ஆயினும் அவர் வீடு இல்லை என்று சொல்லவில்லை. கணக்காசிரியரைப் பார்த்து, "இவுரு ஓடிட்டா ஒன்னப் புடிப்பேன், தெரியுமில்ல?" என்றார். கணக்காசிரியர் தெரியும் என்றார். அவ்வாறு, என் சொல்லை நம்பாமல் மற்றொருவர் கழுத்தை நம்பி, அவர் எனக்கு வீடு தந்தார்.

தருமுன் நிபந்தனைகள் சொன்னார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடுப்பை இடம் மாற்றக் கூடாது. கொல்லையில் ஆடுமாடு கட்ட முளை அடிக்கக் கூடாது. இந்த மூன்றாவதை மட்டும் இரண்டு முறை சொன்னார். எங்களிடம் ஆடும் இல்லை, மாடும் இல்லை. ஆகையால் அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

ஆவணிக் கடைசியில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். இரு பாதிகளுக்கும் இடையே ஒரு கதவு இருந்தது. அதன் தாழ்ப்பாள் அவர்கள் பக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வெறும் பலகைதான். இதை நான் முதல் நாளே கண்டேன். நான் பள்ளிக்குச் சென்ற பின் தனித்திருக்கும் மனைவிக்கும் அயலார் கைக்கும் இடையே அத்தாழ்ப்பாள் ஒன்றே உண்டு, அதுவும் அவர்கள் கையில், என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. துணிமணி வைத்திருந்த மரப்பெட்டியை இழுத்து அக்கதவின்மேல் சாத்தி வைத்தேன். மறுநாள் மாலை வந்து பார்த்தபோது பெட்டி சிறிது நகர்ந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. மனைவியைக் கேட்டேன். தான் தொடவில்லை என்றாள். அதன்பின் பெட்டியின் அடியோரமாகத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து வைத்தேன். கோடு ஒருநாளும் பிசகவில்லை. பிசகாமல் திரும்ப வைக்கும் அளவுக்கு அவர்கள் தேர்ந்தவர்களோ என்று அதற்கும் ஓர் ஐயம் கொண்டேன்.

ஐயம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. கொல்லையில் இருந்த கிணறு இரு பாதிக்கும் பொது. கொல்லையோ தடுப்பேதுமின்றி, அவர்கள் பக்கத்துத் தெரு வரை திறந்து கிடந்தது. வீட்டுக்கார அம்மாள் காலையில் நீர் இறைக்க வருவார், வறட்டி தட்ட வருவார், நெல் காயவைக்க வருவார், ஒன்றுமில்லாவிடினும் வருவார். வரும்போதெல்லாம் எங்கள் அடுக்களை வாசலில் ஒரு கணம் நின்று உள்ளே பார்ப்பார். ஒருநாள் நாங்கள் புட்டு அவித்துக்கொண்டிருந்தோம். மூங்கிற் குழலுக்குக் கயிறு வரிந்து, பானைமேல் நிறுத்தி, ஆவி சீறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார், ஒன்றும் கேளாமல் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார்.

"வாத்யாரே, அந்தக் குயலு ஒண்ணு வெச்சிகினு கீறீங்களாமே. அத்தக் கொஞ்சம் காட்டு."

காட்டினேன். கையில் வாங்கி ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் அதனுள்ளே நோக்கினார். மறுமுனையில் எங்கள் கூரை தெரிந்திருக்கும்.

"இதுல இன்னா பண்றீங்கோ?"

"புட்டு அவிக்கிறோம்."

"புட்டுக்கு இம்மாம் பெரிய பீரங்கியா?" என்றார். சிரிக்கவில்லை. மனைவி ஒரு துண்டு புட்டை இலையில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிச் சென்றார். உண்டாரோ, கோழிக்குப் போட்டாரோ, அறியேன்.

என் மனைவிக்கு அதனினும் பெரிய துன்பம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் வேலி இல்லாத வீடு இல்லை. ஓலைக் குடிசையாயினும் நாற்புறமும் பனையோலையோ தென்னங்கிடுகோ கட்டி, தெருவார் கண் உள்ளே விழாதபடி அடைத்த பின்னரே அது வீடு எனப்படும். பெண்கள் கிணற்றடியில் குளிப்பதும், துணி உலர்த்துவதும், அயலாளோடு வழக்காடுவதும் வேலிக்குள்தான். திறந்த கொல்லையில் குளிக்க அவளால் இயலவில்லை. விடியுமுன் எழுந்து, ஈரக்கல்லில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து, ஊர் விழிக்குமுன் குளித்து வந்தாள். ஒருநாள் கால் வழுக்கிக் கிணற்றுச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள். விழவில்லை. அன்று மாலையில் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, வேலியில்லாத வளவுக்குள்ளை நான் எப்பிடி இருக்கிறது? அந்த மனுசி காலமை தொடக்கம் எங்கடை அடுப்பையே பாத்துக்கொண்டு நிக்கிறா. கிணத்தடியிலை நிண்டால் தெருவே பாக்குது. இந்தப் பிள்ளையும் போச்சுதெண்டால் பிறகு நான் இருக்க மாட்டன்."

"நீர் அப்பிடிக் கதைக்காதையும். வேலி தானே? போட்டால் போச்சுது."

உண்மையில் அது எனக்கு எளிய செயலாகவே தோன்றியது. எங்கள் ஊரில் வேலி கட்ட எவரும் எவரையும் கேட்பதில்லை; கட்டாமல் விட்டால்தான் கேட்பார்கள். ஐப்பசி பிறந்து, முதல் மழைக்கு வானம் கறுத்திருந்தது. கதியால் நட அதுவே பருவம். கதியால் என்பது வேலிக்கு நடும் உயிர்க்கம்பு: பூவரசின் கிளையையோ கிளுவையின் கிளையையோ பச்சையாக வெட்டி நட்டால் வேர்விட்டுத் தளிர்த்து நிற்கும், பட்ட கம்புபோல் ஓரிரு மழையில் உளுத்து வீழாது. வீட்டுக்காரரும் மனைவியும் உறவினர் திருமணத்துக்குத் தங்கள் பழைய ஊருக்குச் சென்றிருந்தார்கள். மழை அவர்களுக்காகக் காத்திராது என்பதால் நானும் காத்திருக்கவில்லை. ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு வண்டிப் பூவரசங்கிளை தருவித்து, கூலிக்கு ஒருவனை அமர்த்தி, வீட்டின் நடுச்சுவரிலிருந்து கிணறு வரையும், கிணற்றைத் தாண்டிக் கொல்லையின் எல்லை வரையும் குழி தோண்டி நட்டு, கீற்றுக் கட்டி அடைத்தேன். கிணற்றை இரு பக்கத்தாரும் பயன்படுத்தலாம்; குளிக்கும் கல் மட்டும் எங்கள் பக்கம் மறைந்திருக்கும். பங்குக் கிணறுகளுக்கு எங்கள் ஊரில் அடைக்கும் முறை அதுவே. அன்று மாலை மனைவி பகல் வெளிச்சத்தில், நேரம் எடுத்து, குளித்தாள்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது நான் முற்றத்தில் இருந்தேன். அவர் வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். கிணற்றருகே நின்று, கிணற்றின் இந்தப் பாதியையும் அந்தப் பாதியையும் பார்த்தார்.

"எப்ப நட்டே?"

"நேற்று முன்தினம்."

"நான் ஊர்ல இல்லாதப்போ."

"மழைக்கு முன் நடவேண்டும் ஐயா. என் மனைவிக்குக் குளிக்க மறைப்பு வேண்டியிருந்தது."

"எப்ப எடுப்பே?"

"வீட்டை விட்டுப் போகும்போது."

அவர் தம் பக்கம் திரும்பிச் சென்றார். அன்றிரவு இடைக்கதவுக்கு அப்பால் எதையோ இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது. அவர்களும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஊகித்தேன். கதவின் இரு பக்கமும் இரு பெட்டிகள்.

அதன் பின் வந்த நாட்கள் பேச்சற்ற நாட்கள். வேலிக்கு அப்பால் கப்பி உருளும் ஓசை கேட்டால் எங்கள் பக்கம் பேச்சு நின்றுவிடும். எங்கள் பக்கம் அம்மி ஓசை கேட்டால் அவர்கள் பக்கம் நின்றுவிடும். கடைத்தெருவில் ஒரு வணிகர் என்னிடம், "ஊட்டச் சுத்தி கோட்ட கட்டிகினீங்களாமே வாத்யாரே, உள்ள இன்னா, ரேடியோவா?" என்று கேட்டுவிட்டுத் தாமே நகைத்தார். நான் நகைக்கவில்லை. ஆசிரியர் உடையில் ஒற்றன் வந்த கதை எங்கே, யார் வாயில் பிறக்கும் என்பது அப்போது எனக்கு விளங்கியது. கணக்காசிரியரும் என்னைத் தனியே அழைத்து, "உங்க வூட்டுக்காரரு கர்ணத்தைக் கூட்டியாந்து எடத்த அளக்கணும்னு கேட்டுகினு கீறாரு. என்ன ஐயா நடக்குது?" என்று வினவினார். கர்ணம் என்பவர் ஊர் நிலங்களின் அளவை வைத்திருப்பவர். ஒரு குளியல் மறைப்புக்குக் கர்ணம் எதற்கு என்று நான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவரும் அதன்பின் என்னைச் சற்றே உற்றுப் பார்க்கத் தொடங்கினார் என்பது என் எண்ணம்.

கார்த்திகையில் மழை வலுத்தது. ஒரு காலை, மழை விட்ட வேளையில், கொல்லைக் கதவைத் திறந்தேன். வீட்டுக்காரர் கையில் கடப்பாரையுடன் வேலியோரம், எங்கள் பக்கத்தில், நின்றிருந்தார். வேலி முழுவதும், கீற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்புகளின் தலையில், செம்பும் பச்சையும் கலந்த சிறு தளிர்கள்.

"இன்னா வாத்யாரே இது?"

"பூவரசு."

"அது எனக்குத் தெரியாதா? எல வுட்ருக்குதே, அத்தக் கேக்கறேன்."

"மழை பெய்தது. தளிர்த்திருக்கிறது."

"காஞ்ச குச்சின்னு நெனச்சிகினு கம்முனு இருந்தேன். இன்னிக்கி இருக்கும், நாளிக்கி கறையான் தின்னுடும்னு. நீ மரம் நட்டு கீறே! என் கொல்லியில வரிசியா மரம் நட்டு கீறே! குட்த்தனம் வந்தவன் எவனாச்சும் மரம் நடுவானா? நாளிக்கி நெயலு எனுது, எல எனுது, வேரு ஓடுன வரிக்கும் நெலமும் எனுதுன்னு நிப்பே."

"எங்கள் ஊரில் வேலி இப்படித்தான் ஐயா. உளுக்காமல் இருக்கவே பச்சைக் கம்பு நடுகிறோம். நிலத்துக்காக அன்று."

"எங்க ஊர்லயும் இப்டித்தான் சொன்னாங்கோ." அவர் கடப்பாரையை மண்ணில் ஊன்றினார். "ஒரு நாளு நாலு பேரு வந்து கொல்லியில முளக்குச்சி அடிச்சிகினு போனான். சும்மா அளவு பாக்கறோம்னான். நாங்க சிரிச்சிகினு இருந்தோம். நான்கூட ஒரு குச்சியப் புடுங்கி மாடு ஓட்னேன். அப்பறம் கம்பி கட்னான். அப்பறம் என் கொல்லிக்கி நானே சீட்டு காட்டிகினு போவணும்னான். அப்பறம் அதுவும் இல்ல. துட்டு குட்த்தாங்க, இல்லேன்னு சொல்லல. இப்ப போயிப் பாரு, என் களத்து மேட்ல பட்டாளத்து லாரி நிக்குது. குச்சியில ஆரம்பிக்கறது எங்க முடியும்னு எனக்கு நீ சொல்லித் தரியா?"

கொல்லையில் முளை அடிக்கக் கூடாது என்று அவர் இரண்டு முறை சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. புலப்பட்டும் பயனில்லை. அவர் சொன்னார்: "அமாசிக்குள்ள ஊட்டக் காலி பண்ணிடு. ஒன் மரத்தயும் புடுங்கிகினு போ."

எனக்குப் பின்னால் மனைவி வந்து நின்றிருந்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் நிலைக்கதவைப் பற்றியபடி மெல்லக் கீழே அமர்ந்தாள். அழவில்லை. வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வீடு கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்; மாட்டுவண்டியில் ஏற்றி அவளை ஊர் ஊராகக் கொண்டுசென்றால் என்ன நேரும் என்பதும் தெரியும். நான் என் இயல்புக்கு மாறாக இறங்கிப் பேசினேன். "பிடுங்கிவிடுகிறேன் ஐயா. எல்லாவற்றையும் இன்றைக்கே பிடுங்கிவிடுகிறேன். பிள்ளை பிறக்கும் வரையாவது விட்டுவிடுங்கள்."

"இன்னிக்கிப் புடுங்குவே. நான் ஊர்ல இல்லாதப்போ மறுபடி நடுவே."

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து வீட்டுக்கார அம்மாளின் குரல் எழுந்தது. அவர் இவ்வளவு நேரமும் கிணற்றின் மறுபுறம் நின்று கேட்டிருந்தார். ஞாயிறுதோறும் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு நடந்தே சென்று வருபவர். அன்றும் புறப்பட்டு நின்றார், கையில் பூக்கூடை.

"ஏய்யா, ஒனுக்கு அறிவு கீதா? வாயும் வயிறுமா குந்திகினு கீது அந்தப் பொண்ணு. அமாசி கிமாசின்னுகினு."

"நீ சும்மா கெட. ஒனுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனுக்குத் தெரியாது, எல்லாம் ஒனுக்குத்தான் தெரியும். முத்தாபுதுப்பேட்டையில குச்சியப் புடுங்கி மாடு ஓட்ன ஆளாச்சே நீ!" என்றார் அம்மாள். "அவுரு நட்டாத்தானே அவுரு மரம்? அவுரு புடுங்கிப் போடட்டும். நீ நடு. ஒன் கையால நட்டா ஒன் மரம், ஒன் வேலி. இந்தத் தெருவே பாக்கட்டும். அப்பறம் யாரு இன்னா கேக்க முடியும்?"

வீட்டுக்காரர் வேலியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அவர் நீண்ட நேரம் எண்ணினார். நானும் எண்ணினேன். அவ்வம்மாள் எங்கள் பக்கம் பேசுகிறாரா, அல்லது ஒரு வண்டிப் பூவரசை எங்களிடமிருந்து இனாமாக வாங்கித் தம் கணவர் பெயரில் நட வழி சொல்கிறாரா என்று அந்நிலையிலும் என் மனம் ஆராய்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை ஏற்க எனக்கு அப்போது வயது போதவில்லை.

"சரி," என்றார் அவர் கடைசியில். "புடுங்கு வாத்யாரே."

பிடுங்கினேன். மழையில் நனைந்த மண் கம்புகளை எளிதில் விட்டுக்கொடுத்தது. ஒவ்வொன்றின் அடியிலும் நூல்போல வெண்ணிற வேர்கள். அவர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, வேரை உற்றுப் பார்த்து, ஒருபுறம் படுக்க வைத்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை அவரும் பார்த்துக்கொண்டார். பிறகு தாமே கடப்பாரையால் குழியிட்டு நடத் தொடங்கினார். நான் நட்ட வரிசையில் அல்ல. ஒரு கை நீளம் எங்கள் பக்கமாகத் தள்ளி. குளிக்கும் கல் மட்டும் தப்பியது. உழவர் கை அல்லவா? ஒவ்வொரு கம்பின் அடியிலும் மண்ணை மிதித்து இறுக்கிய நேர்த்தி என் கூலியாளிடம் இருந்ததில்லை. வேலை செய்யச் செய்ய அவர் முகத்தில் ஓர் அமைதி வந்தது. நெடுநாள் கழித்து அவர் தம் நிலத்தில் ஏதோ நட்டார் என நினைக்கிறேன்.

எங்கள் அடுக்களைக்கு நேரே வந்தபோது ஒரு கம்பை நடாமல் தாண்டினார். கீற்றையும் அங்கே கட்டவில்லை. ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவு இடைவெளி.

"இங்கே எதற்கு ஐயா?"

"பாக்கறதுக்கு," என்றார். மறைக்கவில்லை. "வேலின்னு இருந்தா உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியணுமில்ல?"

நான் சினம் கொண்டேன். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் பல கிழமைகளாகக் காணாத ஒரு சிரிப்பு. யாழ்ப்பாணத்து வேலிகளில் அயல்வீட்டுப் பெண்களுக்கென்று அப்படி ஓர் இடைவெளி விடுவது வழக்கம். பொட்டு என்போம். நெருப்புக்கும் கறிக்கும் ஊர்க்கதைக்கும் அதுவே வாயில். முன்வாசலால் வரும் அயலாள் விருந்தினள், பொட்டால் வருபவள் உறவினள். "இஞ்சாருங்கோ, பேசாமல் இருங்கோ," என்றாள் தாழ்ந்த குரலில். "அவர் பொட்டு விட்டிருக்கிறார்."

"அவர் வேவு பாக்க விட்டிருக்கிறார்."

"எதுக்கெண்டாலும் இருக்கட்டும்."

அமாவாசை வந்தது, போயிற்று. காலி செய்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததனால் நான் இன்னும் அஞ்சினேன். நாள்தோறும் காலையில் அவர் வேலியோரமாக நடந்து தளிர்களைப் பார்வையிடுவார். இடைவெளிக்கு வந்ததும் நின்று எங்கள் அடுக்களையைப் பார்வையிடுவார். "இன்னா, பீரங்கி வெந்துகினு கீதா?" என்பார். பெட்டி இருந்தபடியே கதவருகே கிடந்தது. இரு பக்கமும்.

மார்கழி பிறந்து சில நாட்களில், காலையில், வலி கண்டது. நான் செவிலியை அழைக்க ஓடினேன். செவிலி வேறோர் இடத்துக்குச் சென்றிருந்தாள். வெறுங்கையுடன் திரும்பியபோது எங்கள் அடுக்களையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாள் ஒரு மருத்துவச்சியுடன் உள்ளே இருந்தார். இடைக்கதவைத் திறக்கவில்லை, அதன்மேல் இருந்த பெட்டியையும் நகர்த்தவில்லை. வேலி இடைவெளி வழியாக வந்திருந்தார். "எங்க வாத்யாரே பூட்டே? பொண்டாட்டி கூப்புட்ட சத்தம் தெரு முனிக்கிக் கேக்குது. வெளிய நில்லு" என்றார். நான் வெளியே நின்றேன்.

உச்சிக்கு முன்பே பெண் பிறந்தாள். அழுதாள். உரக்க, இடைவிடாமல் அழுதாள். அவ்வொலியைக் கேட்டு நான் கிணற்றுச் சுவரில் கை வைத்து நின்றேன்.

வேலி இடைவெளிக்கு அப்பால் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"இன்னா கொயந்த?"

"பெண்."

"தாயி?"

"நலம்."

"ம்," என்றார். போகவில்லை.

மருத்துவச்சி ஒரு மண்சட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். நஞ்சுக்கொடி. புதைக்க இடம் காட்டச் சொன்னாள். பிறந்த வீட்டு மண்ணில், நாய் தோண்டாத ஆழத்தில் அதைப் புதைப்பது எங்கள் ஊரிலும் முறை, அவ்வூரிலும் முறை. இருவர் ஊருக்கும் பொதுவான வழக்கம் ஒன்றை நான் அங்கே கண்டது அதுவே முதல் முறை. ஆனால் ஒரு பூவரசங்கம்பு வேர்விட்டதற்கு வீட்டை விட்டு எழுப்ப முனைந்தவரின் மண்ணில், என் மகளின் கொடியை எங்கே புதைக்கட்டும் என்று எப்படிக் கேட்பது?

அவர் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாத்யாரே, ஒண்ணு கேக்கறேன். இத்த வெச்சிகினு, எம் பொண்ணு கொடி இங்க கீது, எங்களுக்கும் இந்த மண்ணுல பங்கு கீதுன்னு நாளிக்கி வந்து நிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"ஒம் பொண்ணு?"

"அவளும் மாட்டாள் ஐயா."

"இப்ப சொல்றே," என்றார். மருத்துவச்சி சட்டியைத் தாங்கியபடி, "இன்னா நைனா பேச்சி இது, எறும்பு ஏறுது" என்று கடிந்தாள். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். நம்பினார் என்று இன்றளவும் என்னால் துணிந்து சொல்ல முடியாது.

பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு, இடைவெளியில் ஒருக்களித்து நுழைந்து எங்கள் பக்கம் வந்தார். வேலியின் அடியில், தாம் நட்ட பூவரசு ஒன்றின் அருகே, இடம் பார்த்துத் தாமே தோண்டத் தொடங்கினார்.